இரண்டில் ஒன்றைக் கழற்றுதல்

எல்லாம் நலம் என்றது திரை. ஃபேன் நலம், சூடு நலம், மெமரி நலம், பவர் சப்ளை ஒன்று நலம், பவர் சப்ளை இரண்டு நலம். கட்டிக்கொடுத்து அனுப்பிய பெண் போன இடத்திலிருந்து எழுதும் முதல் கடிதம் மாதிரி வரிக்கு வரி நலம், ஓரிடத்தில்கூட ஒரு முக்கல் கிடையாது, ஒரு பெருமூச்சு கிடையாது. தணிகாசலம் அதே கட்டளையை மறுபடியும் தட்டினான். மறுபடியும் நலம். ஒரு பெட்டி இப்படிக் கூசாமல் பொய் சொல்லுமா, இல்லை, அது பாட்டுக்கு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறதா, அது தெரியவில்லை, அந்தத் தெரியாமைதான் ஷிஃப்ட் முழுக்க உள்ளங்கை அரிப்பு மாதிரி கூடவே இருந்தது. ஷிஃப்ட் முடிந்துவிட்டது. வெளியே அம்பத்தூரில் வெயில் ஏறியிருக்கும், எஸ்டேட் வாசல் இட்லிக் கடையில் இரண்டாவது ஈடு இறங்கியிருக்கும், இங்கே இந்த டேட்டா சென்டர் ஹாலுக்குள் விடிந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை, அதே வெள்ளை வெளிச்சம், அதே குளிர், காதுக்குள் மணலைக் கொட்டுகிற மாதிரி அதே இரைச்சல். காலை ஷிஃப்டுக்கு வரவேண்டிய ஷாகுல், ரயில் திருநின்றவூரில் நின்றபடி நிற்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று செய்தி அனுப்பியிருந்தான். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அதற்குக் கீழே மேனேஜர் நிரஞ்சன் அனுப்பியிருந்த செய்தி. கேட்வே ஹெல்த் செக்கை முடித்து ஹெல்த்தி என்று போட்டுவிடுங்கள், கேஸை மூடிவிடலாம். கேஸாம். அந்தக் கேஸுக்கு பிலோமினா என்று பேர். பட்டாபிராமிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், ஐந்து வருஷமாக இதே ஹாலில் வேலை பார்த்தவள், இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பெட்டிக்கு ஒன்றுமில்லை என்று இவன் ஒரு பொத்தானை அமுக்கினால், போன வாரம் பெட்டி நின்றுபோனதற்கு அவள்தான் காரணம் என்று ஆகிவிடும், அதோடு அவள் வேலையும் போய்விடும். அதைச் சொல்லாமல், ஹெல்த் செக் என்கிறார்கள். யாருடைய ஹெல்த் என்று வாய்வரை வந்தது. யாரிடம் கேட்பது, ஹாலில் மனிதன் என்று இருப்பது இவன் ஒருத்தன்.

அவன் மெஷின்களை அடுக்கிவைத்திருக்கும் ரேக்கின் பின்பக்கம் போனான். முன்பக்கம் குளிர், பின்பக்கம் வெக்கை, இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நெஞ்சு ஒரு பருவத்திலும் முதுகு இன்னொரு பருவத்திலுமாகத்தான் வாழ்க்கை போகிறது. கேட்வே என்றால் பார்க்க ஒன்றுமில்லை, படுக்கவைத்த சூட்கேஸ் அளவுக்கு ஒரு பெட்டி, ஆனால் இந்த ஹாலில் இருக்கிற அத்தனை மெஷினும் வெளியே பேசவேண்டுமென்றால் இதன் வழியாகத்தான் பேசவேண்டும், உள்ளே வருவதும் இதன் வழியாகத்தான். பின்னால் இரண்டு பவர் சப்ளை, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி, ஒரு சின்னப் பச்சை விளக்கு. ஒன்று போனாலும் மற்றது தாங்கும், அதற்காகத்தான் இரண்டு. அதனால்தான் மாதம் ஒருமுறை ஒன்றைக் கழற்றி, பெயிண்ட் பிரஷால் தூசி தட்டி, திரும்பச் சொருகி, அப்புறம் மற்றதைக் கழற்றுவது. ஓடும்போதே கழற்றலாம், கம்பெனிக்காரனே படம் போட்டுக் காட்டியிருக்கிறான். கழற்றும்போது இந்த ஹாலில் ஒரு பழக்கம் உண்டு. யார் ஆரம்பித்ததென்று தெரியாது, எந்த டிரெய்னிங்கிலும் சொல்லித் தருவதில்லை. கழற்றுகிற ஆள் கைப்பிடியைப் பிடித்து, ஒன்னு, என்பான். பக்கத்தில் டார்ச் பிடிக்கிற ஆள் அந்தக் கைப்பிடியையும் மற்ற கைப்பிடியையும் பார்த்துவிட்டு, ஒன்னு, என்பான். அப்புறம்தான் இழுப்பது. இந்த இரைச்சலில் கத்தித்தான் சொல்லவேண்டும், புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள், ஒரு மாதம் போனால் அவர்களும் கத்துவார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் யாரும் கழற்றிவிடாமல் இருக்க இந்த ஹாலில் இருந்த ஒரே காவல் அந்தச் சத்தம்தான். அப்புறம் ஷிஃப்டுக்கு இரண்டு பேர் எதற்கு, மெஷினே தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறதே என்று மேலே யாருக்கோ தோன்றியது, ஒருத்தராக ஆக்கினார்கள். போன வாரம் பிலோமினா தனியாக நின்று ஒன்றைக் கழற்றினாள். பெட்டி அப்படியே நின்றுபோனது. அவள் அலறியடித்துத் திரும்பச் சொருகி, அது எழுந்து நடமாடுவதற்குள், எங்கெங்கேயோ யார் யாருடைய திரையிலோ சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்றைத்தான் கழற்றினேன் என்றாள். ஒன்றைக் கழற்றினால் நிற்காது என்றார்கள். அதனால் இரண்டையும் கழற்றியிருக்கிறாள் என்றார்கள். என்ன அழகான கணக்கு.

அந்த விசாரணை ரிப்போர்ட்டை இவனுக்கும் அனுப்பியிருந்தார்கள், தகவலுக்காக. இரு பவர் சப்ளைகளும் ஒரே சமயத்தில் கழற்றப்பட்டுள்ளன. கழற்றப்பட்டுள்ளன, யாரோ பேய் வந்து கழற்றின மாதிரி. காரணம், மனிதத் தவறு. பணியாளர் கவனச் சிதறலில் இருந்தது கேமராவில் தெரிகிறது. கேமராவில் என்ன தெரிகிறது? இவனும் பார்த்தான். கேமரா மேலே மூலையில் இருக்கிறது, ரேக் கதவு மறைக்கிறது, அவள் கை தெரியவே தெரியாது. தோள் தெரிகிறது, பக்கவாட்டில் முகம் தெரிகிறது, உதடு அசைகிறது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி அசைகிறது. கேமராவுக்குக் காது கிடையாது. விசாரணை அறையில் உட்கார்ந்திருந்தவர்கள், யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள், போன் வைத்திருந்தீர்களா, காதில் ஏதாவது மாட்டியிருந்தீர்களா என்று கேட்டார்களாம். அவள், ஒன்னு சொன்னேன் சார், என்றாளாம். ஒன்று என்றால் என்ன ஒன்று. இரண்டாவது தடவை எதற்கு உதடு அசைகிறது. அதுக்கு நானே பதிலும் சொன்னேன் சார், கூட ஆள் இல்லையே. இதைக் கேட்டுவிட்டு அந்த அறையில் ஒருத்தர், வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா, என்று கேட்டிருக்கிறார். ரொம்பக் கனிவாக. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தணிகாசலத்துக்குக் காதோரம் சூடேறும், பின்பக்க வெக்கையில் அது இன்னும் ஏறியது. வீட்டில் பிரச்சினையாம்மா. பெட்டி வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்களா, இதை வாங்கி எத்தனை வருஷமாயிற்று, இதற்கு மாற்றாக இருந்த இன்னொரு பெட்டியைப் பொங்கலுக்கு முன்னால் அடுத்த ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போனீர்களே அது திரும்பி வந்ததா என்று கேட்டார்களா. பெட்டியிடம் ஒரே ஒரு கேள்வி, எப்படி இருக்கிறாய், நலம், முடிந்தது. அவளிடம் மட்டும் நாக்கு அசைந்ததற்குக்கூட விளக்கம். அவன் குனிந்து அந்த இரண்டு பச்சை விளக்குகளையும் பார்த்தான். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். ஒன்றாவது ஒரு தடவை சிமிட்டக்கூடாதா. ஒரு பொருள் கெட்டுப்போயிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு நிற்பது இதுதான் முதல் தடவை. எத்தனையோ ராத்திரி கெட்டுப்போய்விடாதே கெட்டுப்போய்விடாதே என்று இதே மாதிரி ரேக்குகளின் முன்னால் நின்றிருக்கிறான், கதவில் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் துடைக்கச் சொல்லி மெயில் வந்தும் யாரும் துடைக்கவில்லை. இப்போது, கெட்டுப்போயிரேன், என்று கெஞ்சுகிறான். கெட்டிருக்கிறாய் என்று ஒரு வாய் வார்த்தை சொல்லிவிடேன். உனக்கென்ன போகிறது, புதுசு வாங்கி மாட்டுவார்கள். அவளுக்கு யார் புதுசு வாங்கி மாட்டுவார்கள்.

அவன் கையிலிருந்த லேப்டாப்பில் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தான். இடப்பக்கம் எவ்வளவு பாரம் சுமக்கிறது, வலப்பக்கம் எவ்வளவு சுமக்கிறது. இந்த மாடலில் அந்த விவரம் கிடையாது என்று பதில் வந்தது. கிடையாதாம். கரண்ட் வருகிறதா, வருகிறது. விளக்கு எரிகிறதா, எரிகிறது. சுமக்கிறாயா என்று கேட்டால் மட்டும் வாயடைத்துப் போகிறது. இவனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஏசி ரிப்பேருக்கு ஏணி தூக்கிக்கொண்டு இந்தக் கட்டடத்துக்குள் வந்தவன், கேபிள் இழுத்து, வேண்டாமென்று போட்ட மேனுவல்களை வீட்டுக்கு எடுத்துப்போய், அகராதியும் கையுமாகப் படித்துப் படித்து வந்தவன், அதனாலேயே, தனக்குத் தெரியாத ஒன்று இருக்கும், ஒழுங்காகப் படித்தவனுக்கு இது ஒரு வரியில் தெரிந்திருக்கும் என்ற சந்தேகம் எப்போதும் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறது. ஒருவேளை அவள் இரண்டையும்தான் கழற்றினாளோ. சே. ஆனாலும், ஒருவேளை. தூக்கம் கண்ணைக் கட்டும்போது கை என்ன செய்கிறதென்று கைக்கே தெரியாத நேரம் ஒன்று உண்டு, இவனுக்கே உண்டு. அந்த யோசனை வந்ததும் அதைப் பிடித்துத் தள்ளினான், அது போகவில்லை, வாசலிலேயே நின்றது. பீரோ ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியாமலே வந்தது. கொரட்டூரில் வீடு மாறினபோது மூன்றாவது மாடிக்கு இரும்பு பீரோவை ஏற்றினார்கள், கீழ்ப்பக்கம் இவன், மேல்பக்கம் மச்சான் சுந்தரேசன். மச்சான் படிக்குப் படி, மெல்ல மாமா, மெல்ல மாமா, பாத்து மாமா என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தான், முகமெல்லாம் வேர்வை, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, பார்க்கிறவர்கள் அவன்தான் தூக்குகிறான் என்பார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இவனுக்குக் கை வழுக்கி ஒரு நொடி விட்டான், ஒரே நொடி, அவ்வளவுதான், பீரோ முழுக்க மச்சான் பக்கம் போனது, மச்சான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, விட்டுட்டேன் மாமா, என்றான். அதுவரை பீரோவில் அவன் கை இருந்தது. கைதான் இருந்தது. பீரோவின் கண்ணாடியில் அந்தக் கீறல் இன்றைக்கும் இருக்கிறது, மனைவி கஸ்தூரி தலை வாரும்போதெல்லாம் தம்பியை விட்டுக்கொடுக்காமல் புருஷனைத்தான் குறை சொல்வாள், நீங்க ஏன் விட்டீங்க என்பாள். ஏன் விட்டீங்க. பிலோமினாவையும் அதைத்தான் கேட்கிறார்கள். நீ ஏன் கழற்றினாய். மற்றது ஏன் தாங்கவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

தாங்குவதைத் தாங்கச் சொல்லித்தானே பார்க்க முடியும். கஸ்தூரிக்கும் அப்படித்தான் ஆனது. அவளுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனால் படுக்கவைத்து வயரை ஒட்டி ஒரு நீளக் காகிதம் எடுத்தார்கள், நார்மல். ரத்தம் எடுத்தார்கள், நார்மல். மூன்று தடவை போய் மூன்று தடவையும் நார்மல், மூன்றாவது தடவை அந்த டாக்டர் இவனைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க மிஸஸுக்கு மனசுல ஏதாவது கவலையா என்று கேட்டார். அதே கனிவு. எங்கேதான் இந்தக் கனிவைக் கற்றுக்கொள்கிறார்களோ. வெளியே வந்தபோது லிஃப்ட் வேலை செய்யவில்லை, மேல்மாடி ஸ்கேன் அறைக்குப் படியேறிப் போகவேண்டியிருந்தது, எட்டுப் படி ஏறினவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள், உதடு நீலமாகிவிட்டது, பக்கத்தில் போன ஒரு நர்ஸ் பெண் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அப்புறம்தான் வால்வு என்றார்கள். படுத்திருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும் சார், ஏறும்போதுதான் தெரியும் என்று அதே டாக்டர் சொன்னார், தான் கண்டுபிடித்த மாதிரி. இப்போது கஸ்தூரி நன்றாகத்தான் இருக்கிறாள், மாத்திரை போட்டுக்கொண்டு, பீரோவைக் குறை சொல்லிக்கொண்டு. ஆனால் அந்த லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்திருந்தால் என்ற நினைப்பு இவனைப் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்க வைத்திருக்கிறது. லிஃப்ட் கெட்டதால் ஒருத்தி பிழைத்தாள். ஏறச் சொல்லிப் பார்க்கவேண்டும். இந்தப் பெட்டியை ஏறச் சொல்லிப் பார்க்கவேண்டும். அவன் லேப்டாப்பை மூடித் தரையில் வைத்தான், எப்போது வைத்தோம் என்று தெரியவில்லை, வலப்பக்கக் கைப்பிடியில் கை இருந்தது. அவள் கழற்றினது வலப்பக்கம்தான். கைப்பிடி இளஞ்சூடாக, உள்ளே ஓடுகிற ஓட்டத்தில் லேசாகத் துடித்துக்கொண்டு, காய்ச்சல் குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. இழுத்தால் தெரிந்துவிடும். இடப்பக்கம் தாங்கினால், அவள் பொய் சொன்னாள். தாங்காவிட்டால், அவள் சொன்னது நிஜம், பெட்டி நின்றுபோகும், கேமராவில் இவன் தோளும் பக்கவாட்டு முகமும் இருக்கும், உதடு அசைந்ததா என்று பார்ப்பார்கள். ஒருத்தி நிரபராதி என்று காட்ட, அவள் செய்தாள் என்று சொன்னதையே இவன் செய்யவேண்டும்.

இழு, என்றது ஒரு குரல், அது இவனுடைய குரல்தான், ஆனால் இருபது வருஷத்துக்கு முந்தினது. உள்ளே இப்போது என்னென்ன போய்க்கொண்டிருக்கும் என்று மனசு விரித்துப் பார்க்க ஆரம்பித்தது, அது கூடாது, இந்த வேலையில் அதை மட்டும் செய்யவே கூடாது, கம்பிக்குள் போவது யார் என்று நினைத்தால் கம்பியைத் தொடமுடியாது. காலை நேரம். எவளோ ஒருத்தி பரீட்சை ஃபீஸ் கட்டிவிட்டுச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதோ ஒரு லேபிலிருந்து யாருடைய ரத்த ரிப்போர்ட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கும், எட்டாவது படியில் உட்கார்ந்திருப்பவளுடையது. அதை நான் அறுக்கணுமா. ஆனால் அறுக்காமல் விட்டால், இது தானாக ஒருநாள் அறுந்துபோகும், அன்றைக்கும் யாராவது ஒருத்தர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள், அவர்கள் தலையில் கட்டுவார்கள், மனிதத் தவறு என்பார்கள், மனிதன் பக்கத்தில் நின்றதே தவறு. ஷாகுலாக இருக்கலாம். இவனாக இருக்கலாம். கோபம் மேலே ஏறி ஏறி வந்து, கைக்கு மட்டும் வராமல் தோளிலேயே நின்றுவிட்டது. கட்டைவிரல் கொக்கியை அமுக்கியிருந்தது, அதற்குமேல் போகவில்லை. நின்ற நிலையிலேயே மற்ற கையால் போனை எடுத்து நிரஞ்சனைக் கூப்பிட்டான். நிரஞ்சனுக்கு முப்பத்து நாலு வயசு இருக்கும், கெட்டவன் இல்லை, தீபாவளிக்கு எல்லாருக்கும் கை கொடுப்பான், பேரை முழுசாகச் சொல்லித்தான் கூப்பிடுவான். வேலை தெரிந்தவன்தான், முன்னொரு காலத்தில் இவனோடு நின்று டார்ச் பிடித்து, ஒன்னு, என்று கத்தினவன்.

எல்லாம் ஓகேதானே என்று கேட்டான் நிரஞ்சன். ஓகே என்றுதான் வருகிறது என்றான் இவன். அப்புறம் என்ன, போட்டுவிட்டுக் கிளம்புங்க, கண்ணெல்லாம் எரியும் உங்களுக்கு, ஷாகுல் வர்றவரைக்கும் நான் ஸ்கிரீன்ல பார்த்துக்கறேன் என்றான்.

"போடறேன் சார். அதுக்கு முன்னால ஒன்னைக் கழட்டிப் பாத்துடறேன். கைப்பிடியிலதான் கை வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. யாரிடமோ, ஒரு நிமிஷம், என்று சொல்லி, கதவு மூடுகிற சத்தமும் கேட்டது.

"தணிகாசலம். கையை எடுங்க."

"ரெண்டும் நல்லா இருக்குன்னு நீங்களும் சொல்றீங்க, அதுவும் சொல்லுது. ஒன்னைக் கழட்டினா இன்னொன்னு தாங்கணும் இல்ல சார்?"

"கையை எடுத்துட்டீங்களா?"

இவன் போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டான்.

"ப்ளீஸ். எடுத்துட்டேன்னு சொல்லுங்க. அப்பதான் என்னால பேச முடியும்."

குனிந்து பார்த்தான். கை எப்போதோ வந்துவிட்டிருந்தது. எடுங்க என்று நிரஞ்சன் சொல்லி முடிப்பதற்கு முன்பே வந்துவிட்டதோ என்னவோ, இப்போது அது சட்டையோரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, அம்மா புடவையைப் பிடித்த பிள்ளை மாதிரி. தன் கைமேலேயே அவனுக்கு அருவருப்பாக வந்தது. எடுத்துட்டேன் என்றான். நிரஞ்சன் மூச்சு விடுவது கேட்டது, இவனும் விட்டான், இரண்டு மூச்சும் போனுக்குள் ஒன்றாகப் போயின. அப்புறம் நிரஞ்சன் நிறையப் பேசினான். மாற்றுப் பெட்டி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். பகல் நேரத்தில் அதைத் தொடக்கூடாது. எனக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள், கஸ்டமருக்கு ஒரு தடவை சொல்லியாயிற்று, மறுபடி போய், சாரி, அன்றைக்குச் சொன்னது தப்பு, உங்கள் வாசலே ஆடிக்கொண்டுதான் இருந்தது என்று சொல்லமுடியாது. பிலோமினாவுக்கு வேறெங்காவது நானே பேசிப் பார்க்கிறேன். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது, ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக நியாயம், சேர்த்துப் பார்த்தால் ஒரு பெண்ணை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகிறது. அப்போ நான் எதைப் போட என்று இவன் கேட்டான். ஹெல்த்தின்னு போடுங்க என்றான் நிரஞ்சன், களைப்பாக. போன் வைக்கப்பட்டது.

அவன் தரையில், வெக்கையில், முதுகை எதிர் ரேக்கின் கதவில் சாய்த்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். திரையில் இரண்டே கட்டம். ஹெல்த்தி, நாட் ஹெல்த்தி. தெரியவில்லை என்று ஒரு கட்டம் கிடையாது, உலகத்தில் எதுவும் தெரியாமலிருக்க யாருக்கும் உரிமையில்லை. எதையும் போடாமல் விட்டால் மத்தியானத்தோடு அதுவே ஹெல்த்தி என்று எடுத்துக்கொள்ளும், சும்மா இருந்தாலும் கையெழுத்துப் போட்ட கணக்குதான், அதை யோசித்து வைத்தவன் எவனோ அவன் மட்டும் எதிரே வந்தால். நாட் ஹெல்த்தி என்று போட்டால் பெட்டி செய்த கம்பெனிக்காரன் புது பவர் சப்ளையோடு வந்தே ஆகவேண்டும், கஸ்டமருக்கு முன்கூட்டியே சொல்லி, ஒன்றைக் கழற்றி, மற்றது தனியாகத் தாங்குகிறதா என்று எல்லார் முன்னாலும் பார்த்தே ஆகவேண்டும், ஒப்பந்தத்தில் இருக்கிறது, நிரஞ்சனாலும் நிறுத்த முடியாது. தாங்காமல் போனால் பிலோமினா திரும்பி வருவாள். தாங்கிவிட்டால், இவனும் அவளோடு சேர்ந்து வீட்டில் உட்காரவேண்டியதுதான். ஆனால் நாட் ஹெல்த்தி என்றால் காரணம் சொல்லவேண்டும். காரணத்துக்கு ஒரு கட்டம், அது காலியாக இருந்தால் உள்ளே விடாது. ஃபேன் கெட்டது என்று போடலாமா, சூடு கூடிவிட்டது என்று போடலாமா, இரண்டு நிமிஷத்தில் ஒரு ஃபேனை ஆட்டிவிட்டு வந்து போட்டால் யாருக்குத் தெரியும். போடலாம். அவர்கள் ஒரு பொய் சொன்னார்கள், நான் ஒரு பொய் சொல்கிறேன், அப்புறம் எனக்கும் அந்த விசாரணை அறையில் அவர்கள் வரிசையில் ஒரு நாற்காலி போடுவார்கள். அந்தக் கட்டத்துக்குள் கோடு சிமிட்டிக்கொண்டே இருந்தது. பார்த்தது என்ன. கண்ணால் பார்த்தது எல்லாம் நலம். வேறென்ன நடந்தது இங்கே இந்தக் காலையில். ஒரு கை போய் ஒரு கைப்பிடியைப் பிடித்தது, இழுக்கமுடியாமல் திரும்பி வந்தது. ஒரு குரல் ப்ளீஸ் என்றது. அதுதான் நடந்தது, அதற்கு மேல் சத்தியமாக ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கட்டத்தில் தமிழ் அடித்தால் வெறும் சதுரம் சதுரமாகத்தான் தெரியும், அதனால் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒரு விரலால், அடித்தான். இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்றைக் கழற்ற எனக்குப் பயமாக இருக்கிறது. மேனேஜர் நிரஞ்சனுக்கும் பயமாக இருக்கிறது. கழற்றப் பயப்படுகிற பெட்டி நலமாக இல்லை. கீழே பேரும் எண்ணும் போட்டான். நிரஞ்சன் பேரை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, பாவம், டார்ச் பிடித்தவன். எடுக்கவில்லை. அனுப்பினான்.

மாடிப்படியில் இல்லாத ஒரு படியில் கால் வைத்த மாதிரி இருந்தது. நிரஞ்சன் கூப்பிட்டான், இவன் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான், போன் தரையில் நடுங்கி நடுங்கி அரை வட்டம் திரும்பி ஓய்ந்தது. மூன்றாவது தடவை நடுங்கியபோது அது பிலோமினா. இவன் எழுந்து இரைச்சல் குறைந்த கதவோரம் போய் எடுத்தான். வேலை முடிந்ததா அண்ணா என்று அவள் சுற்றி வளைத்து ஆரம்பித்தாள், பின்னால் குக்கர் விசில் கேட்டது, அவள் பிள்ளை ஷூவைத் தேடியது, அதை அதட்டினாள், அப்புறம், என்ன போட்டீங்க, என்றாள். நாட் ஹெல்த்தி என்றான். ஏதாவது கிடைத்ததா என்று ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள். ஒன்றும் கிடைக்கவில்லை, எல்லாம் நலம்தான் என்றான். அப்புறம் காரணம் என்னவென்று போட்டீர்கள் என்றாள்.

"கழட்டப் பயமா இருக்குன்னு போட்டேன். எனக்கும், நிரஞ்சன் சாருக்கும்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். அழுவாள் என்றும் நினைத்தான். இரண்டும் இல்லை.

"என் பேரையும் சேத்திருக்கலாம்ல அண்ணா. அன்னைக்கு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அதைத்தான் அவங்க யாருமே கேக்கல."

இவனுக்கு அது தோன்றவில்லை. இத்தனை நேரம், இத்தனை கோபத்தில், அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவள் பொய் சொன்னாளா நிஜம் சொன்னாளா என்றுதான் இவனும் அந்த அறைக்காரர்கள் மாதிரியே தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். இரும்மா, வெச்சுடாதே, என்றான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு திரும்ப வெக்கைக்குள் போய், அவள் பிள்ளைக்கு ஷூ மாட்டுகிற சத்தம் காதில் கேட்கக் கேட்க, அனுப்பினதைத் திருத்த முடியாது என்று திரை சொன்னதால் அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி திறந்து, ஒரு விரலால் அடித்தான். போன வாரம் கழற்றிய பிலோமினாவுக்கும் பயமாக இருந்தது. அவள் கூட நிற்க ஆள் கொடுக்கவில்லை.